தழும்பில்லாத தோல்

அந்த மடத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. மடத்து வாசலுக்குள்ளோ மடத்தின் பொருட்டோ ஓர் உயிர் பிரிந்தால், அது மனிதராக இருந்தாலும் சரி, கொட்டகை மாடாக இருந்தாலும் சரி, மடத்துத் தலைவர் உயிருக்குப் பதினாறு நாள் வீதம் இரவில் சாப்பிட மாட்டார். மற்றவர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இலையில் பரிமாறியதை வீணாக்கக் கூடாது என்பது இன்னொன்று. அது வந்தவர் போனவர் எல்லோருக்கும் பொது.

தலைவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தைந்துதான். வாரம் மூன்று நாள் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்த்துவிட்டு வருவார். அதில் இடுப்பு போய்விட்டது. மில் முதலாளி ஒருவர் தன் வெளிநாட்டுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். சாமி இரண்டு தடவை வேண்டாம் என்றார். மூன்றாவது தடவை ஒத்துக்கொண்டார்.

"சீட்டுல தோல் மட்டும் வேண்டாம்" என்றார்.

வண்டியின் சீட்டுகள் நைந்து போயிருந்தன. "சீட்டு வேல என்னோடதுங்க சாமி" என்று முன்னால் வந்தார் ரத்தினசபாபதி. சாமியைவிடப் பதின்மூன்று வயது மூத்த சீடர். கோயம்புத்தூரில் விலை உயர்ந்த கார்களுக்குச் சீட் தைக்கும் கடை வைத்திருப்பவர். அவர் கை படாத பெரிய வண்டி அந்த ஊரில் குறைவு.

கடைக்குப் போய்ச் செயற்கைத் தோலை மேஜையில் விரித்தார். தடவிப் பார்த்தார். முப்பது வருஷமாக, "செயற்கையா? வேண்டாமுங்க. ரெண்டு வெயிலுக்கு வெடிச்சுரும்" என்று வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பிய வாய் அவருடையது. இப்போது வருவது அப்படியெல்லாம் வெடிப்பதில்லை என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் மனசு ஒப்பவில்லை. ஊரான் வீட்டு வண்டிக்கெல்லாம் அசல் தோல் போட்டுவிட்டு, சொந்தக் குருவை ரெக்சினில் உட்கார வைப்பதா? நாளைக்கு நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள்?

விரித்ததைச் சுருட்டி மூலையில் வைத்தார். அசல் தோலை எடுத்தார்.

வெளியே யாருக்கும் சொல்லவில்லை. செயற்கைதான் என்றார். வேலை அப்படி அமைந்திருந்தது. தையலில் ஒரு கோணல் கிடையாது. மில் முதலாளியே தடவிப் பார்த்து, "அசல் தோல் தோத்துப்போகும் போங்க" என்றார். ரத்தினசபாபதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முதல் பயணத்துக்கு அவரே வண்டி ஓட்டினார். சித்திரை மாதக் கடைசி. வெயிலில் நின்ற வண்டி. சாமி பின்கதவைத் திறந்தவர் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.

பாதி வழியில் கேட்டார். "இத்தாப் பெரிய வண்டிக்குத் தோல் போட்டா எத்தன மாட்டுத் தோல் வேணும்?"

ரத்தினசபாபதி ஸ்டீயரிங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாலு இருந்தாப் போதுமுங்க சாமி."

"நாலா?"

"நாலேதானுங்க."

சாமி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து சாமி இரவில் சாப்பிடவில்லை. கேட்டால், "இருக்கட்டும்" என்பார். ரத்தினசபாபதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. டவுனிலிருந்து டாக்டரை அழைத்து வந்தார். வயிற்றுப் புண்ணாக இருக்கும் என்று டாக்டர் சொல்ல, மாத்திரை வாங்கிக் கொடுத்தார். சத்து மாவு டப்பா இரண்டை அடுக்களையில் வைத்துவிட்டுப் போனார். ஆனி முடியும்போது சாமி மறுபடியும் இரவில் சாப்பிடத் தொடங்கினார். மாத்திரை கேட்டுவிட்டது என்று ரத்தினசபாபதி மடத்துக்கே சர்க்கரைப் பொங்கல் போட்டார். சமைக்கிற மருதாயி மட்டும், "அறுவத்திநாலு நாளுங்க, அந்த உசுரு ராத்திரிச் சோறு திங்கல" என்றாள். பொங்கல் வாசத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை.

அப்புறம் ஆவணிப் பௌர்ணமி வந்தது. மடத்து வாசலில் நல்ல கூட்டம். மில் முதலாளி மைக்கைப் பிடித்து, ஒரு மாட்டுக்கும் நோவு வராமல் இப்படியொரு சீட் செய்த மனுஷன் என்று ரத்தினசபாபதிக்குப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் அடங்கும்போது பால்காரி செல்லாத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"வயசான மாட்ட அடிமாட்டுக்குத் தள்ளிட்டனுங்க போன வருசம்" என்றாள். "கறவை நின்னுபோச்சு, வேற வழி தெரியல. எங்க தோலப் பாத்தாலும் எம் மாட்டோடதா இருக்குமோன்னு நின்னு பாக்கறனுங்க. உங்களாட்டம் ஆளுக இருக்கோணுங்க."

அவர் பின்னால் நகர்வதற்குள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டாள்.

ரத்தினசபாபதிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பொன்னாடையைக் கழற்றவும் முடியவில்லை, போர்த்திக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. கடைக்குத் திரும்பியவர் அன்றைக்கு யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் இப்படி வெட்கப்பட்டதாக அவருக்கு நினைவே இல்லை.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மடத்துக்குப் போனார். சாமி இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். மருதாயி ராகிக் களியும் கீரையும் வைத்துவிட்டு அப்போதுதான் உள்ளே போயிருந்தாள்.

"வாங்க. சாப்பிட்டீங்களா?"

"சாமி, ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளுங்க."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது ஒன்று. வாயில் வந்தது வேறு.

"அசல் தோலா, செயற்கையா, எது ஒசத்திங்க?"

சாமி களியில் கை வைக்கவில்லை. "உங்க கடையில தெனமும் இதத்தானே கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

"அசலுதான்னு சொல்லுவனுங்க."

"எனக்கும் அதத்தானே போட்டீங்க."

ரத்தினசபாபதி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பங்க தெரியும்?"

"மொத நாளே. கதவத் தொறந்ததும் வாசம் வந்துச்சு. நான் மாட்டுக் கொட்டாயில வளந்தவன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே சாமி."

"கேட்டேனே. நாலுன்னு சொன்னீங்க."

நாலு. மாடு ஒன்றுக்குப் பதினாறு நாள். மருதாயி சொன்ன அறுபத்து நாலு இப்போது காதில் விழுந்தது. டாக்டர், மாத்திரை, சத்து மாவு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்தப் பொங்கலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் நினைவுக்கு வந்தது. அவமானம் தாங்கவில்லை.

"உங்களுக்காகத்தானுங்க அப்படிப் பண்ணிப்போட்டேன்."

"நான் வேண்டாம்னு சொல்லியிருந்தேன்."

ரத்தினசபாபதி தலையைக் குனிந்துகொண்டார். "எம் பேருக்காகங்க" என்றார்.

"எம் மேலயும் தப்பு இருக்கு. ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னவன் மூணாவது தடவையும் சொல்லியிருக்கோணும். இடுப்பு சொகம் கேட்டுச்சு."

"நாளைக்கே எல்லாத்தையும் பிரிச்சுப் போடறனுங்க."

"பிரிச்சா மாடு எந்திரிச்சு வந்துருமா? சரி, உள்ள வாங்க."

ரத்தினசபாபதி உள்ளே வரவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் திரும்பிப் போயிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. செல்லாத்தாவின் கை பட்ட இடம் இன்னும் காலில் உறுத்திக்கொண்டிருந்தது.

"சாமி, நாலு இல்லீங்க."

சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"நாலு போதுமுங்க, சும்மா தெக்கறதுக்கு. சாமி உக்கார்ற எடமாச்சேன்னு தழும்பு இல்லாத பாகமாப் பாத்து வெட்டுனேன். உண்ணி கடிச்ச எடம், கொம்பு கீறுன எடம், சூடு போட்ட எடம் எல்லாம் ஒதுக்கிட்டனுங்க." இரண்டு கையையும் கூப்பினார். "ஏழுங்க."

கொட்டகையில் ஏதோ ஒரு மாடு கழுத்தை ஆட்டியது. மணிச் சத்தம் கேட்டது.

சாமி பலகையிலிருந்து எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கை படாத அந்த இலையை அப்படியே எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். தண்ணீர்ச் செம்பையும் பக்கத்தில் நகர்த்தினார்.

"அப்ப இன்னும் மூணு இருக்கு."

"வேண்டாமுங்க சாமி. அந்த மூணுக்கும் நான் பட்டினி இருக்கறனுங்க. நாப்பத்தெட்டு நாளும் நான் இருக்கறனுங்க."

"அந்த வழக்கம் தலைவருக்கு மட்டுந்தான்" என்றார் சாமி. "உங்களுக்கு இன்னொண்ணு இருக்கு. இலையில போட்டத வீணாக்கக் கூடாது. உக்காந்து சாப்பிடுங்க."