மூன்றாவது விளக்கு

பீளமேட்டு மாடி அறையில் ஞாயிறுதோறும் பகடை உருட்டி, ஒருவர் சொல்லும் கதைக்குள் வீரர்களாக நுழைந்து டிராகன் வேட்டையாடும் விளையாட்டுக் கூட்டம் ஒன்று உண்டு. அதற்குப் பல வருஷமாகக் கதை நடத்தி வந்தவர் ரகோத்தமன். போன மாதம் அவர் காய்ச்சலில் படுத்தார். செல்போன் கடையில் வேலை பார்க்கும் தாட்சாயணி, அச்சில் வந்த சாகசக் கதைப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து அவர் இடத்தில் உட்கார்ந்து நடத்தினாள். அப்புறம் கூட்டம் அவளை விடவே இல்லை. ரகோத்தமனுக்கு வயிறு எரிந்தது.

"நானும் ஒரு வீரனா ஆடறேன். இந்தக் கதையை நான் படிச்சதில்லை. இதுல வர்ற கோட்டைக்குள்ள ஒரு பொறியிலயாவது என்னை மாட்ட வை பார்ப்போம். முடியலைன்னா எழுந்து எனக்கு இடத்தை விடு" என்றார்.

"சரிங்ணா" என்றாள்.

அதே புத்தகத்தை வாங்கி வரி விடாமல் படித்துவிட்டு வந்தவரை எந்தப் பொறி என்ன செய்யும்? குழியைத் தாண்டினார். விஷம் தடவிய கதவைத் தொடவே இல்லை. தாட்சாயணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி அறை வந்தது.

"கதவு திறக்குது. உள்ள ஒரே இருட்டு. என்ன பண்றீங்க?"

மூன்றாவது விளக்கைத் திருகினால் புதையல் திறக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. புதையல் கைக்கு வந்துவிட்ட குஷியில் ரகோத்தமன் கத்தினார்: "மூணாவது விளக்கைத் திருகறேன்!"

"விளக்குங்களா? உள்ள விளக்கு இருக்குன்னு நான் இன்னும் சொல்லவே இல்லீங்களே."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்க வீரன் தப்பிச்சுட்டானுங்ணா. நீங்கதான் மாட்டிக்கிட்டீங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ரகோத்தமனுக்கு அதிலும் பொறாமைதான். அவர் நடத்திய இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது இவர்கள் இப்படிச் சிரித்திருப்பார்களா?