பாறைப் பொந்தில் விட்ட வால்

சுரபுன்னைக் காட்டுச் சேற்றில் கருவாயன் என்றொரு நரி, தன் மனைவி தாழையோடும் இரண்டு குட்டிகளோடும் வாழ்ந்துவந்தது. நண்டு வளைக்குள் வாலை விடும். நண்டு கவ்வும். வெடுக்கென்று இழுத்தால் சாப்பாடு தயார். ஒரு குடும்பத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒருநாள் தெற்கேயிருந்து வந்த ஆலாப் பறவை கிளையில் உட்கார்ந்து கதையளந்தது.

"எங்க பாறைக் கரையில சிங்கி இறால் பொந்துக்குப் பொந்து உட்கார்ந்திருக்கும். உன் முன்னங்கால் நீளம். மேலே நீலம், உள்ளே வெண்ணெய்."

அன்றோடு கருவாயனுக்கு நண்டு கசந்துபோனது. கண்ணை மூடினால் சிங்கி இறால்கள் மீசையை ஆட்டிக்கொண்டு மேகம் மாதிரி மிதந்து போயின.

"ஏங்க, பாதி நண்டை வாயில வச்சுக்கிட்டு எங்க போயிட்டீங்க?" என்றது தாழை.

"தெற்கே போறேன். உங்களுக்கும் கொண்டு வரேன்."

"சேத்து நரிக்குப் பாறையில என்ன தெரியும்?"

"பொந்துன்னா பொந்துதானே!"

கருவாயன் மூன்று நாள் நடந்தது. ஆற்று முகத்தில் மடவை மீன் துள்ளியது. மணல் கரையில் நெத்திலி வெள்ளியாய் மின்னியது. கனவில் நடந்த நரிக்கு இரண்டும் கண்ணில் படவில்லை. பாறை வந்ததும் முதல் பொந்திலேயே வாலை விட்டது.

எதுவோ மெத்தென்று பிடித்தது. கருவாயன் வெடுக்கென்று இழுத்தது. பிடி இறுகியது. இன்னும் இழுத்தது. இன்னும் இறுகியது. கடல் ஏறி வயிற்றைத் தொட்டது. வால் போனால் குட்டிகள் பட்டினி. வால் வராவிட்டால் தானே போய்ச் சேர வேண்டியதுதான்.

"யாரு?" என்று அலறியது.

பொந்துக்குள்ளிருந்து எட்டுக் கைகளுள்ள பேய்க்கணவாய் ஒன்று எட்டிப் பார்த்தது. செம்மண் நிறத்தில் இருந்தது, பச்சையானது, பிறகு ஊதாவாகிச் சாவகாசமாகப் பேசியது. "என் வாசல்ல வந்து என்னையே யாருன்னு கேக்கிறியா?"

"விட்டுடும்மா. எங்க ஊர்ல வாலைக் கவ்வினவங்களை இழுப்போம், அவங்க வந்துடுவாங்க."

"எங்க ஊர்ல இழுக்கிறதெல்லாம் இரை. நீ இழுக்கிற வரைக்கும் நான் விடமாட்டேன்."

தண்ணீர் மோவாய்க்கு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து இழுத்துப் பழகிய வால்! கருவாயன் கண்ணை மூடி, உடம்பைத் தளரவிட்டது. அலை அதைத் தூக்கித் தாலாட்டியது. காதுக்குள் கடல் முணுமுணுத்தது. இப்போது இறால் ஒன்றுகூட மிதந்து வரவில்லை; சேற்றில் உருளும் இரண்டு குட்டிகள்தான் தெரிந்தன.

ஒவ்வொரு கையாகப் பிடி நழுவியது. அடுத்த அலை நரியைக் கரையில் ஒதுக்கியது.

வீட்டுக்கு வந்தபோது வாலில் வட்ட வட்டமாக முடி உதிர்ந்திருந்தது. தாழை சுற்றிவந்து பார்த்தது.

"சிங்கி இறால் எப்படி இருந்தது?"

"பார்க்கவே இல்ல."

தாழை ஒரு நண்டைக் கருவாயன் பக்கம் தள்ளியது. "முடி முளைக்கிற வரைக்கும் நான் பிடிக்கிறேன். நீங்க உட்கார்ந்து கனவு காணுங்க."

கருவாயன் ஓடுகூட மிச்சமில்லாமல் தின்றது.

கரைக்குக் கரை கிடைப்பதும் வேறு, அதைப் பிடிக்கும் விதமும் வேறு. ஆகவே அடுத்த ஊர் உணவுக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் அந்த ஊர் வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.