அங்காயி பேர் வெட்டிய அண்டா

காரைக்குளத்தில் யோசித்து யோசித்தே ஐம்பத்திரண்டு வயதை எட்டியவர் தவசி. 'நாம முட்டாளா இருப்போமோ?' என்ற சந்தேகம் வாரத்தில் இரண்டு நாளாவது அவருக்கு வரும். உடனே கூட்டாளிகள் ஒச்சப்பனையும் வீரணனையும் போய்க் கேட்பார். "சேச்சே, என்னண்ணே!" என்பார்கள் இருவரும். மூன்று பேரில் இரண்டு பேர் அப்படிச் சொன்னால் நம்பத்தானே வேண்டும்?

டவுனில் சோப்புப் பயிற்சி நடந்தபோது மூவரும் போனார்கள். டீச்சர் சொன்னதை ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு திரும்பினார்கள். எவர்சில்வர் பாத்திரம் வேண்டுமென்றதும் தவசியின் மனைவி அங்காயி, தன் பேர் வெட்டிய கல்யாணச் சீர் அண்டாவை எடுத்துக் கொடுத்தாள்.

"நாப்பத்தோராம் நாள் மகளுக்கு வளைகாப்பு. பந்திக்குத் தண்ணி வைக்க அண்டா வேணும். பளபளன்னு கழுவிக் கொண்டாரலன்னா, நானும் என் அண்டாவும் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவோம். சொல்லிப்புட்டேன்."

தவசி வேகவேகமாகத் தலையாட்டினார். அவருக்கு அண்டாவும் வேண்டும், அங்காயியும் வேண்டும்.

வீரணன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் வேலை ஆரம்பித்தது. தேங்காய் எண்ணெயில் காஸ்டிக் சோடாத் தண்ணீரை ஊற்றினார்கள். 'ஒரே பக்கமாச் சுத்தணும்' என்பது டீச்சர் சொல். ஒச்சப்பன் துடுப்பைப் பிடித்தபடி அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தான். இருபதாவது சுற்றில் தலை கிறுகிறுத்தது. எதிர்ப்பக்கம் சுற்றினால் கிறுகிறுப்பு இறங்கும். ஆனால் அதற்கு அனுமதி இல்லை. ஆகவே அவனுக்குப் பதிலாக வீரணன் வெளியே போய், வேப்பமரத்தை எதிர்ப்பக்கமாக இருபது சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான்.

"இப்பத் தேவலை" என்றான் ஒச்சப்பன். வீரணன்தான் விழுந்து கிடந்தான்.

எண்ணெய் கெட்டிப்பட்டு வந்தது. 'மேல பேர் எழுதிப் பாருங்க. அழியாம நின்னா உடனே அச்சுல ஊத்திருங்க' என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

"யார் பேரை?" என்றார் தவசி.

"எம் பேரைத்தான். சுத்துனவன் நான்."

"உனக்கும் சேத்துச் சுத்துனவன் நான்டா" என்றான் தரையில் கிடந்த வீரணன்.

"பொறுங்கப்பா. இது எரியிற சரக்கு. இதுல பேரை எழுதி, அந்த ஆளுக்கு மேலெல்லாம் எரிஞ்சா?" என்றார் தவசி.

நியாயமான கேள்வியாக இருந்ததால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் பேசினார்கள். அண்டா யாருடையதோ அவர் பேரைத்தான் எழுத வேண்டும் என்று கடைசியில் முடிவானது. தவசி குச்சியை வைத்தார். குச்சி ஒடிந்தது. துடுப்பு நட்டநடுவில் கொடிமரம் மாதிரி நின்றது. ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்து 'அங்காயி' என்று வெட்டினார்கள்.

"அழியலண்ணே!" என்று பூரித்தான் ஒச்சப்பன். "இனி ஊத்த வேண்டியதுதான்."

அண்டாவைக் கவிழ்த்தார்கள். பொழுது சாயும்வரை கவிழ்த்தபடியே பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை.

அடுத்து, நாற்பது நாள் ஈரம் படாமல் காய வைக்க வேண்டும். வைத்தார்கள். நாற்பதாம் நாள் காலையில் தவசி வெளிறிப்போய் வந்தார்.

"நாளைக்கு வளைகாப்பு. அண்டாவைக் கழுவணுமேப்பா."

"கழுவச் சோப்பு வேணுமேண்ணே" என்றான் வீரணன்.

மூவரும் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அச்சில் ஊற்றாதது எப்படிச் சோப்பாகும்? ஒச்சப்பன் கடைக்கு ஓடி ஒரு கட்டி வாங்கிவந்தான்.

கம்மாய்க்கரையில் அடுப்பு மூட்டி, வெந்நீரை ஊற்றி, கடைச் சோப்பால் ஒரே ஒரு இழுப்புதான் இழுத்தார்கள். நுரை பொங்கிக் கரையேறி, மடையைத் தாண்டிப் போய், மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளையெல்லாம் குளிப்பாட்டியது. ஊற்ற ஊற்றப் பொங்கியது. சாயங்காலம் அண்டா காலியாகிப் பளபளவென்று மின்னியது.

"ஒரு இழுப்புக்கு ஒரு கம்மாய் நுரை! சோப்புன்னா இது சோப்பு. நாமளும் செஞ்சோமே!" என்று தலையில் அடித்துக்கொண்டான் வீரணன்.

தவசி அந்தக் கட்டியைத் திருப்பினார். மேலே 'செண்பகம்' என்று பதிந்திருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தார். அழியாமல் நின்றது. தப்பு எங்கே என்று ஐம்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குப் புரிந்துவிட்டது.

அண்டாவைப் பார்த்ததும் அங்காயிக்கு வாயெல்லாம் பல். "அடேயப்பா, புதுசு கணக்கா இருக்கே! பெறகு ஏன் மூஞ்சி வாடிக் கெடக்கு?"

"உம் பேரை எழுதுனதுதான் தப்பாப் போச்சு, அங்காயி" என்றார் தவசி. "செண்பகம் பேரை எழுதியிருக்கணும்."

"ஆமா மதினி" என்றான் ஒச்சப்பன். "அவுக எங்க இருக்காகன்னு தேடிப் போகணும். அவுக அண்டாவையும் கேட்டு வாங்கணும்."

அங்காயி அண்டாவைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

"பாருங்கண்ணே" என்றான் வீரணன், கண் கலங்க. "தேடுறதுக்கு மதினியே முன்னால கெளம்பிட்டாக. அண்டாவை மாத்தி வாங்கியாரத்தான் அதையும் தூக்கிட்டுப் போறாக."