நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் கத்தரிக்காய்

புஷ்பலீலா டீச்சருக்கு நாற்பத்திரண்டு வயது. அவருடைய சீடர் வேலாயுதத்துக்கு அறுபத்தாறு. கல்லூரியில் முப்பது வருடம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். குரு சீடரை 'சார்' என்பதும், சீடர் குருவை 'டீச்சர்' என்பதும் வேறெங்கும் உண்டோ என்னவோ, டீச்சரின் நாற்றுப் பண்ணையில் அப்படித்தான்.

ஞாயிறு மாலை அங்கே கவிதை வாசிப்பார்கள். ஒரே ஒரு சட்டம். நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்ற பேச்சே கூடாது. கவிதையை வாங்கிப் போனவர் அடுத்த ஞாயிறு அதற்கு ஒரு பதில் கொண்டுவர வேண்டும்.

அந்த ஞாயிறு சார் மத்தியானமே வந்துவிட்டார். சட்டைப் பையில் பதினான்கு பக்கம் மடித்து வைத்திருந்தார். முகத்தில் களை இல்லை.

டீச்சர் நாற்றுகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். "பதில் ரெடியா சார்?"

"ரெடி. அதான் பயமா இருக்கு."

"யாருக்கு?"

"ஜெபக்கனிக்கு நான் பதில் சொல்லணும். புத்தகமும் தோட்டமுமா அஞ்சு கவிதை எழுதியிருக்கா. நான் சொல்லுறதைக் கேட்டுட்டுத்தான் நோட்டை அச்சுக்குக் குடுக்கணுமா, மூடி வைக்கணுமான்னு முடிவு பண்ணுவாளாம்."

டீச்சர் அடுத்த நாற்றைப் பிரித்தார்.

"தையல்கார சங்கரலிங்கத்துக்கு ஒம்பது பக்கம் பதில் எழுதினேன், ஞாபகம் இருக்கா? அன்னைக்கோட எழுதறதை விட்டுட்டான். இந்தப் பக்கமே வரல. இவளும் அப்படிப் போயிட்டா நான் தாங்க மாட்டேன் டீச்சர்."

"கவிதையில எது உங்களுக்குப் புரியல?"

"நாலு புரிஞ்சுது. ஒண்ணுல, 'நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கத்தரி காய்த்திருக்கிறது'ன்னு வருது. வாசிப்பு கனியிறதைச் சொல்லுறா. ஆனா ஏன் நூற்றுப் பன்னிரண்டு? மூணு விளக்கம் எழுதியிருக்கேன். மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரல."

"கவிதையோட ஒரு மஞ்சப் பை குடுத்தாளே, அது எங்க?"

சார் யோசித்தார். எழுந்து ஸ்கூட்டருக்குப் போனார். பை ஒரு வாரமாகக் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வந்து பிரித்தார். உள்ளே ஐந்து கத்தரிக்காய். இரண்டு அழுகியிருந்தன. மூன்று வதங்கியிருந்தன.

டீச்சர் வரிசையிலிருந்து ஒரு நாற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். காகிதத்தைச் சுருட்டிச் செய்த கப்பில் ஒரு கத்தரிக் கன்று. கப்பின் விளிம்பில் அச்சு எழுத்து. மூலையில் 87 என்றிருந்தது.

"கார்த்திகை மழையில அவ வீட்டுக்குள்ள தண்ணி ஏறி, இருந்த புத்தகம் அம்புட்டும் ஊறிப்போச்சு. மூணு நாள் அழுதா. அப்புறம் காயவச்சு, கிழிச்சு, கப்பு செஞ்சா. கப்போட மண்ணுல வச்சா பேப்பர் மக்கிரும், வேர் மண்ணுக்குள்ள இறங்கிரும். எந்தப் பக்கத்துல முளைச்சுதோ அதுதான் செடிக்குப் பேரு."

சார் 87-ஐப் பார்த்தபடி நின்றார்.

"அப்போ அது நிஜமாவே காய்ச்சுதா?"

"அந்த மஞ்சப் பையில இருக்கே, அதுதான்."

சாருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மெதுவாக. பிறகு கன்றைக் கீழே வைத்துவிட்டு, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று.

"சாயங்காலம் நான் என்ன சொல்லட்டும்?"

"அடுப்பு உள்ள இருக்கு சார்."

சார் சமைத்தார். மூன்று காயும் ஒரு சின்னக் கிண்ணம்தான் வந்தது. இருவரும் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார்கள். கை கழுவும்போது சார் கேட்டார்: "நாளைக்கு சங்கரலிங்கம் கடைக்குப் போகட்டுமா?"

"என்ன சொல்லப் போறீங்க?"

"ஒண்ணும் சொல்லல. சட்டைத் துணி எடுத்துட்டுப் போறேன்."

டீச்சர் தலையசைத்தார்.

ஐந்து மணிக்கு ஜெபக்கனி வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். தினம் ஐம்பது பேருக்கு ஊசி குத்தும் கை, அன்று நோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தது.

சார் எழுந்தார். பதினான்கு பக்கத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"அம்மா, ரெண்டு காயை அழுக விட்டுட்டேன். மன்னிச்சிரு. மிச்சத்தை இன்னைக்குச் சமைச்சுச் சாப்பிட்டேன். புளி கூடிப்போச்சு. காய் அருமை. அடுத்த பக்கத்துல என்ன போடப் போற?"

ஜெபக்கனி அவரையே பார்த்தாள். உதட்டைக் கடித்தும் அழுகை நிற்கவில்லை. அழுதுகொண்டே சிரித்தாள்.

"வெண்டை சார். நோட்டை நாளைக்கே அச்சாபீஸ்ல குடுத்துருதேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "விதை நிறைய இருக்கு. பேப்பர்தான் தீர்ந்துட்டு. உங்க சட்டைப் பையில இருக்கே, அது வேணுமா சார்?"

சாரின் கை பையை மூடிக்கொண்டது. டீச்சரைப் பார்த்தார்.

"டீச்சர், இதுல பூராவும் தப்புத் தப்பா எழுதியிருக்கேனே."

டீச்சர் வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்.

"வெண்டைக்குப் படிக்கத் தெரியாது சார். குடுங்க."