அரசன் விரலை விட்ட சட்டி

ராஜாக்களுக்கும் தாடி வளரும். கதை சொல்கிறவர்கள் கிரீடத்தைச் சொல்வார்கள், குதிரையைச் சொல்வார்கள், இதை மட்டும் மறந்துவிடுவார்கள். நான் மறக்கவில்லை, கேளுங்கள்.

வெகு காலத்துக்கு முன் செம்பாறை நாட்டைத் துடிவேலன் என்றொரு அரசன் ஆண்டான். அவனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சபையில் எழுந்து நடப்பான், பூசையில் எழுந்து நடப்பான், சாப்பாட்டின் நடுவிலும் எழுந்து நடப்பான்.

அவனுக்குச் சவரம் செய்தவர் கூத்தாண்டி. பொறுமையின்மையில் அவர் அரசனுக்கு இளைத்தவரில்லை. சோறு வெந்ததா என்று ஏழு முறை மூடியைத் திறந்து பார்ப்பார். அவர் வீட்டில் சோறு வேக எப்போதும் நேரமாகும்.

அரசனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. மணநாள் காலையில், பெண் வீட்டார் முன்னிலையில் மாப்பிள்ளையின் முகத்தை மழிக்க வேண்டும். அப்பன் கல்யாணத்தில் ஓடிய அதே கத்திதான் ஓட வேண்டும். ஒரு துளி ரத்தம் வந்தால் கல்யாணம் நின்றுவிடும். மழித்தவர் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும்.

அந்தக் கத்தி இருந்த பெட்டியைத் திறந்தார்கள். இருபத்தாறு வருஷத் துரு! கல்யாணத்துக்கோ மூன்றே நாள்.

சாணைக்கல் துருவை எடுத்தது. ஆனால் கல் தன் கீறல்களை விளிம்பில் விட்டுச் சென்றது. அதைப் போக்கக் களிம்பு வேண்டும். அந்தக் களிம்பின் பக்குவம் தெரிந்தவள் கூத்தாண்டியின் மனைவி ஆராயி. ஊருக்கே பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி.

"பழைய இரும்புத் துருவை வறுத்து, மையா அரைச்சு, தண்ணியில கலக்குங்க. நூறு எண்ணுங்க, கரடெல்லாம் அடியில போயிடும். மேல் தண்ணியை மட்டும் வேற சட்டியில ஊத்தி, பொழுது சாயுற வரைக்கும் தொடாம வைங்க. அதுல படியுற வண்டலை உலர்த்தி, விளக்கெண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்துத் தோல்வாருல தடவி, கத்தியை அதுல இழுத்துத் தீட்டுங்க."

"தொடாமன்னா, கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூடத்தான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஊரில் ஒரு தலைப்பிரசவத்துக்குப் போய்விட்டாள்.

முதல் நாள் கூத்தாண்டி நூறு எண்ண உட்கார்ந்தார். முப்பதிலேயே எழுந்துவிட்டார். கரடும் கலந்தே வந்தது. அந்தக் களிம்பில் தீட்டிய கத்தியில் பூனை பிறாண்டியதுபோல் கோடுகள். மறுபடி சாணைக்கல்.

இரண்டாம் நாள் நூறையும் எண்ணினார். ஆனால் வண்டல் படிந்ததா என்று விரலை விட்டுப் பார்த்தார். கலங்கியது. தெளிந்ததா என்று மறுபடி பார்த்தார். மறுபடி கலங்கியது. பொழுது சாய்ந்தபோதும் சட்டியில் செந்நீர்தான் நின்றது.

மூன்றாம் நாள் சட்டியின் முன்னால் தன் இரண்டு கைகளின் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சேவகன் வந்தான்: "ஆச்சா?" "இல்லை." மறுபடி வந்தான்: "ஆச்சா?" "இல்லை." மூன்றாம் தடவை அரசனே வந்துவிட்டான்.

"என்னடா கூத்தாண்டி, கத்தி கேட்டால் ரசம் வைத்திருக்கிறாய்?" என்று சட்டிக்குள் விரலை விட்டான்.

"கையை எடுங்க!"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது கூத்தாண்டிக்கு உறைத்தது. அரசன் விரல் சட்டியிலேயே நின்றது. பிறந்தது முதல் அவனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"மகாராஜா, நேத்து முழுக்க நானும் இதைத்தான் செஞ்சேன். இன்னொரு தரம் கலங்கினா, நாளைக்கு உங்க தாடையில ரத்தம். உங்களுக்குக் கல்யாணம் இல்லை, எங்களுக்கு ஊர் இல்லை."

அரசன் விரலைத் துடைத்துக்கொண்டான். "இங்கே நின்றால் மறுபடி தொடுவேன். போனால் திரும்பி வருவேன். என்னதான் செய்ய?"

"உட்காருங்க. என்னை மாதிரி, கை மேலேயே."

அரசன் உட்கார்ந்தான். இப்படி இருவரும் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரித்திரக்காரர்கள் இதைக் குறித்து வைக்கவில்லை, அவர்களுக்குப் போர்தான் பிடிக்கும்.

"மூக்கில் ஈ உட்கார்ந்திருக்கிறது."

"இருக்கட்டும், மகாராஜா."

"கால் மரத்துப்போச்சு."

"எனக்கும்தான்."

பிரசவம் முடிந்து மாலையில் திரும்பிய ஆராயி வாசலிலேயே நின்றாள். பல்லைக் கடித்தபடி வியர்த்துக்கிடந்த இருவரையும் பார்த்து, "இங்கே யாருக்கு வலி?" என்று கேட்டாள்.

பொழுது சாய்ந்தது. தண்ணீர் கண்ணாடியாய் நின்றது, அடியில் செவ்வண்டல் பட்டாய்ப் படிந்திருந்தது. அதை அடுப்பின் இளஞ்சூட்டில் உலர்த்தி, எண்ணெயும் மெழுகும் சேர்த்து, தோல்வாரில் தடவிக் கத்தியை இழுத்தார்கள். கீறல்கள் மறைந்து விளிம்பு மின்னியது.

மணநாள் காலை. கூத்தாண்டி அரசனின் தாடையில் கத்தியை வைத்த நேரம், வெளியே முரசு அதிர்ந்தது. கூட்டம் திமிறியது, பந்தல் ஆடியது. கூத்தாண்டி கத்தியை எடுத்துவிட்டார்.

"முகூர்த்தம் போகிறது! சீக்கிரம் மழியும், ஐயா!" என்று பெண்ணின் தாய்மாமன் கத்தினார்.

"ஆட்டம் அடங்கட்டுங்க" என்றார் கூத்தாண்டி.

மாமன் முறைத்தார். கூட்டம் முணுமுணுத்தது. கூத்தாண்டிக்குக் கை துறுதுறுத்தது, ஆனாலும் அசையவில்லை. முரசு ஓய்ந்து பந்தல் நின்றபின், ஒரே சீராய்க் கத்தியை இழுத்தார். மாமன் தன் வெள்ளைத் துண்டால் அரசனின் தாடையை அழுத்தித் துடைத்து, எல்லோருக்கும் விரித்துக் காட்டினார். துண்டு வெள்ளையாகவே இருந்தது.

தானாகத் தெளிய வேண்டியதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவனே அது கலங்கி நிற்பதற்குக் காரணம்.