பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

"மேடம், கட்டுரையில என் பேருக்கு முன்னால இருக்கிற 'செ'வை எடுத்துடுங்க" என்றாள் மதிவதனி.

மலைமேல் இருந்த வானாய்வுக் கூடத்தில் சிறுகோள்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தாள் அவள். பேராசிரியர் எஸ்தர் அவளுடைய வழிகாட்டி. கட்டுரை அன்று மாலை போக வேண்டும்.

எஸ்தர் காரணம் கேட்டார்.

வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டாள் என்று, அப்பா செல்லத்துரை அவள் படத்தைப் போட்டு ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிட்டார். அதோடு விடவில்லை. தன் பெயரின் எழுத்தை இனி அவள் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சித்தப்பாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். சித்தப்பா பதிலுக்காகக் கூடத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கும் வேண்டாம் மேடம். நான் அந்தக் குடும்பமே இல்ல."

எஸ்தர் மறுப்புச் சொல்லவில்லை. அவள் வரைந்திருந்த படத்தைக் கணினியில் திறந்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, சூரியனைச் சுற்றி, சிறுகோள்கள் புள்ளிகளாக மூலைக்கொன்றாகக் கிடந்தன.

"ஒண்ணு இங்க இருக்கு. ஒண்ணு சூரியனுக்கு அந்தப் பக்கம். இதெல்லாம் ஒரே குடும்பம்னு எப்படி எழுதின?"

"இன்னைக்கு நிக்கிற இடத்தைப் பார்க்கக் கூடாது மேடம். சுத்துற பாதையைப் பார்க்கணும். வியாழன் இழுத்த இழுப்பைக் கழிச்சிட்டா பாதையெல்லாம் ஒண்ணுபோல வருது. நிறமும் ஒத்துப்போகுது. முன்னால ஒரே கல்லா இருந்தது, மோதி உடைஞ்சிருக்கு."

"குடும்பத்துக்கு யார் பேரு?"

"இருக்கிறதுலயே பெரிய கல்லோட பேரு."

"அந்தக் கல்லு உடையாததா?"

மதிவதனி படத்தில் இருந்ததிலேயே பெரிய புள்ளியைத் தொட்டாள்.

"இல்ல மேடம். அதுவும் துண்டுதான்."

எஸ்தர் கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

அவள் அந்தப் பெரிய புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டுரையை, பெயரில் கை வைக்காமல், அப்படியே அனுப்பினாள். வாசலுக்கு வந்தாள்.

"எழுத்து இருக்கும்னு அப்பாகிட்ட சொல்லிடுங்க, சித்தப்பா."

சித்தப்பா தரையைப் பார்த்தார். அண்ணன் இதற்குச் சம்மதிக்கவே மாட்டார் என்றார்.

"செத்துப்போனவ யார் சம்மதத்தையும் கேக்க வேண்டியதில்ல" என்றாள் மதிவதனி.