பன்னீரில் குளித்த வாத்து

ரொம்பக் காலத்துக்கு முன்னாலே கோரைக்கரைச் சீமையைக் காங்கேயவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. வேட்டைக்குப் போன இடத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு வாத்து முட்டையை எடுத்து வந்தான். அடைகாக்கக் கோழி இருக்கிறது என்று எல்லாரும் சொல்லியும் கேட்காமல், தவிட்டுப் பானையில் வைத்துக் கணப்பருகே காத்துத் தானே பொரிக்க வைத்தான். குஞ்சு கண் திறந்து முதலில் பார்த்தது ராஜாவின் மீசையைத்தான். அன்று முதல் அவன் எங்கே போனாலும் அது பின்னாலேயே ஓடும். கொலு மண்டபத்தில் மடியில் ஏறி உட்காரும்.

இரண்டு மாதத்தில் குஞ்சுக்கு இறகு கட்டியது. ‘இனி இது தன் இனத்தோடு இருக்கட்டும்’ என்று ராஜா திடீரென முடிவு செய்தான். கோட்டைக் குளத்தில் மாடத்தி என்றொருத்தி முந்நூறு வாத்து மேய்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டதே அந்த வாத்துகள்தான். கொட்டு முழக்கி, வெண்குடை பிடித்து, குஞ்சைக் கொண்டுவந்து அவற்றின் நடுவே விட்டார்கள்.

மற்ற வாத்துகள் கொத்தி விரட்டின. அதுகூடப் பரவாயில்லை. நாலு முழம் நீந்துவதற்குள் குஞ்சு நனைந்த துணி மாதிரி தண்ணீருக்குள் இறங்கியது. மாடத்தி பாய்ந்து தூக்கியிராவிட்டால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

ராஜாவுக்குக் கண் சிவந்தது. அரண்மனை வாசனைத் திரவியங்களுக்கு அதிகாரியான தாண்டவராயர் பக்கத்திலேயே நின்றார். ராஜா வேறு யாரிடமாவது முகம் கொடுத்துப் பேசினாலே அவருக்கு வயிறு எரியும்.

“மன்னா, தங்கள் மடியில் வளர்ந்ததைக் கொத்தியது ராஜத்துரோகம். முந்நூறையும் மடைப்பள்ளிக்கு அனுப்பிவிடலாம்” என்றார்.

மாடத்தியின் மனசோ ஒரு இடத்திலேயே நின்றது. வாத்து எப்படி முங்கும்? பிறந்ததிலிருந்து அவள் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. குஞ்சின் முதுகை மோந்து பார்த்தாள். கல்யாண வீடு மாதிரி கமகமத்தது.

“மகாராசா, ஒரே ஒரு கேள்வி. இதை யாரு குளிப்பாட்டுறது?”

தாண்டவராயர் நெஞ்சை நிமிர்த்தினார். “ராஜா மடியில் ஏறும் எதுவும் தினம் சிகைக்காய் தேய்த்து, பன்னீரில் அலசி, புனுகு தடவித்தான் ஏற வேண்டும். ஏழு தலைமுறை வழக்கம். ராணியம்மாள் பூனைக்கும் அதேதான். என் மேற்பார்வை.”

“அப்போ இதை முங்க வச்சது என் வாத்து இல்லீங்க, உங்க சிகைக்காய். வாத்துக்கு வாலுக்கு மேல எண்ணெய் சுரக்கிற மொட்டு ஒண்ணு இருக்கு. அதை அலகால எடுத்து இறகு பூராவும் பூசிக்கும். அதனாலதான் உள்ளே தண்ணி இறங்காது. நீங்க தினமும் தேய்ச்சுக் கழுவிட்டீங்க. இந்த வாசனைக்கு, இது வாத்துன்னே மத்ததுக்குத் தெரியல.”

ராஜாவுக்குக் கோபம் போய் ஆவல் வந்துவிட்டது. குஞ்சைத் திருப்பி, வாலடி இறகை விலக்கிப் பார்த்தான். மொட்டு இருந்தது. மந்திரிமார் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

“ஒரு மாதம் தருகிறேன். குஞ்சு இவற்றோடு ஒன்றிவிட்டால் உன் வாத்துகள் பிழைத்தன. இல்லாவிட்டால் முந்நூறும் அடுப்புக்கு” என்றான்.

மாடத்தி குளியலை நிறுத்தினாள். முதலில் அகலமான தட்டில் தண்ணீர் வைத்துக் குஞ்சை அளைய விட்டாள். பட்டிக்கு நடுவே மூங்கில் தட்டி கட்டி, இந்தப் பக்கம் குஞ்சையும் அந்தப் பக்கம் மற்றதையும் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தீனி போட்டாள். ஒன்றை ஒன்று பார்க்கட்டும், பழகட்டும் என்று. எல்லாம் சரியாகத்தான் போனது, ராஜா வரும்வரை. அவன் காலடி கேட்டாலே குஞ்சு கத்திக்கொண்டு அவனிடம் ஓடிவிடும். மாடத்தி அதை அவனிடமே சொன்னாள்.

“என்னை வரக்கூடாது என்கிறாயா?” என்று ராஜா முறைத்தான்.

“வாங்க மகாராசா, தாராளமா வாங்க. ஆனா இதை மட்டும் கூப்பிட்டு, இதுக்கு மட்டும் ஊட்டாதீங்க. கூப்பிட்டா எல்லாத்தையும் கூப்பிடணும், போட்டா எல்லாத்துக்கும் போடணும். ஒண்ணை மட்டும் கொஞ்சினா மத்தது பிடுங்கும். உங்க சபையில பார்க்காததா?”

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். மறுநாளிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “பாபா, பாபா” என்று கூவித் தவிடும் நெல்லும் இறைத்தான். பத்தாம் நாள் தட்டியைப் பிரித்தார்கள். குஞ்சு இரண்டொரு கொத்து வாங்கியது, ஒதுங்கியது, பிறகு கூட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்கியது. முங்கவில்லை. சேறு என்றால் ஆகாத தாண்டவராயர் அந்தப் பக்கமே வரவில்லை.

மாதம் முடிந்தது. சபை குளக்கரையில் கூடியது. தாண்டவராயர் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னே வந்தார்.

“மன்னா, மடியில் வளர்த்த தாங்களே கூப்பிடுங்கள். குஞ்சு தங்களிடம் வந்தால், அது இன்னும் இனத்தோடு ஒன்றவில்லை, இவள் தோற்றாள். வராவிட்டால், செத்துவிட்டது, அப்போதும் இவள் தோற்றாள்.”

ராஜாவுக்கே முகம் சுண்டியது. மாடத்தியோ முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, “கூப்பிடுங்க மகாராசா” என்றாள்.

“பாபா, பாபா” என்றான் ராஜா.

குளமே கிளம்பி வந்த மாதிரி அத்தனை வாத்தும் கரையேறி வந்தன. தாண்டவராயரின் பட்டு வேட்டியெல்லாம் சேறு.

“பார்த்தீர்களா, வந்துவிட்டது” என்று கத்தினார் அவர்.

“முந்நூறும் சேர்ந்துல்ல வந்திருக்கு. அதெல்லாம் ராஜா மடியில வளர்ந்ததா?” என்றாள் மாடத்தி.

ராஜா குனிந்து தேடினான். எல்லாம் ஒரே நிறம், ஒரே சேறு. ரொம்ப நேரம் கழித்து ஒன்று அவன் கால் விரலைச் செல்லமாகக் கடித்தது. இதுதான் என்று வாரி எடுத்தான். அந்த வாசனை இல்லை, குளத்து வாடைதான் அடித்தது. அது திமிறியது, கீழே நகர்ந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துக் கத்தியது.

ராஜா அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். “என்னை மறந்துவிட்டாயா?” என்றான். அது இன்னும் பலமாகக் கத்தியது. கீழே விட்டான். ஓடிப்போய்க் கூட்டத்துக்குள் புகுந்தது. அடுத்த நொடி எது என்று அவனுக்கே தெரியவில்லை.

“மாடத்தி, குளம் இனி உன்னுடையது” என்றான் ராஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “தாண்டவராயரே, இந்த ஒரு மாதம் நான் தீனி போட்டேன். அடுத்த மாதம் நீர் போடும். புனுகு பூசிக்கொண்டு வந்தால் ஒரு வாத்தும் கிட்டே வராது, அதனால் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வாரும்.”

கோரைக்கரையில் ஏழு தலைமுறை வழக்கம் அன்றோடு ஒழிந்தது. ராணியம்மாள் பூனைக்குத்தான் ரொம்ப சந்தோஷமாம்.